பிஸ்டனுக்கு ஒரு வளையம்

எங்கள் வீட்டுக்குப் பட்டுப்புழு வந்தது என் மனைவி வந்த பிறகுதான். அவள் ஆனேக்கல் பக்கத்துப் பெண். அங்கே வீட்டுக்கு வீடு புழு வளர்ப்பார்கள். நாங்கள் பாகலூருக்குக் கிழக்கே ராகியும் அவரையும் போட்டுக்கொண்டிருந்தவர்கள். அவளுடைய ஊர் மைசூர் ராஜ்யம், எங்களுடையது மெட்ராஸ் ராஜ்யம் என்பார்களே தவிர, காலையில் கிளம்பி நடந்தால் விளக்கு வைப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அவள் வீட்டில் கன்னடம், எங்கள் வீட்டில் தமிழ். வந்த புதிதில் இரண்டையும் கலந்து பேசுவாள். நான் எந்தப் பாஷையிலும் அதிகம் பேசுகிறவன் இல்லை என்பதால் எங்களுக்குள் அதனால் பெரிய சங்கடம் வரவில்லை.

வந்த வருஷமே அவளுடைய அப்பா ஒரு வண்டி நிறைய மல்பெரிக் குச்சிகளைக் கொண்டுவந்து இறக்கினார். கிணற்றடி நிலத்தில் நட்டோம். அந்தச் செடிக்குத் தண்ணீர் தொடர்ந்து வேண்டும். அதுவரை எருது கட்டிக் கபிலையில் இறைத்துக்கொண்டிருந்தோம். அது போதாது என்று தெரிந்ததும் எருதுகளை விற்று ஒரு பழைய இன்ஜின் வாங்கினேன். வெள்ளைக்காரர் ஒருவர் தம் தோட்டத்தில் வைத்திருந்து, ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது. அப்புறம் ஒரு பண்ணை வீட்டில் சில வருஷம் ஓடி எங்களிடம் வந்தது. சின்ன இன்ஜின். இரண்டு பக்கமும் சக்கரம். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் சீமெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எங்கள் பக்கத்துக்கு அப்போது கரண்ட் வரவில்லை.

எருதுகள் போன மறுநாள் என் அப்பா இன்ஜினைச் சுற்றி வந்து பார்த்தார்.

"எருது நோவெடுத்தா வைத்தியன் வருவான். இதுக்கு நோவெடுத்தா யாருடா வருவான்?" என்று கேட்டார்.

நான் சக்கரத்துக்கு எண்ணெய் விடக் குனிந்தேன்.

இன்ஜினின் முன்பக்கம் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. பண்ணை வீட்டில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதைப் புளி போட்டுத் தேய்த்துச் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்ததும் என் அம்மாவும் அதையே செய்தாள். புளியோடு செங்கல் பொடியும் சேர்த்துக்கொண்டாள். அதில் ஏதோ எழுத்தும் எண்ணும் தடவினால் விரலில் படுகிற மாதிரி இருந்தது. அந்தப் பூஜைக்குப் பிறகு அதுவும் இல்லை. தகடு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. சுற்றுவட்டத்தில் எங்கள் இன்ஜின்தான் அழகு என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

செடி தழைத்த பிறகு, அவளுடைய அப்பா முட்டை ஒட்டிய அட்டைகளை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் வளர்ப்பு. புழுவை வீட்டுக்குள் வைப்பதா என்று என் அம்மா முகம் சுளித்தாள். அப்பா, "ஒரு தடவை பாக்கட்டும். ஆகலைன்னா செடியைப் புடுங்கிட்டு ராகி விதைச்சுரணும்" என்றார். இது என் மனைவிக்குக் கேட்கும்படி சொன்னதுதான். அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். ராகி வயலில் அவள் களை எடுப்பது மெதுவாக இருக்கிறது என்று என் அம்மா அடிக்கடி சொல்லுவாள். புழு அறையில் அவள் கை வேறு மாதிரி இருக்கும்.

புழு வளர்க்கிற வீட்டில் சில கட்டுப்பாடுகள் உண்டு. தாளிக்கக் கூடாது, மிளகாய் வறுக்கக் கூடாது. புகையிலை போட்டவர் உள்ளே வரக் கூடாது. எல்லாவற்றையும்விட, சீமெண்ணெய் வாசனை ஆகவே ஆகாது. அந்த வாசனை பட்டால் புழு வாயில் எச்சில் விட்டுச் சுருண்டுவிடும் என்பாள். நானோ காலையிலிருந்து மாலைவரை சீமெண்ணெயில் கிடக்கிறவன். முட்டை பொரிந்த அன்று முதல் எனக்கு வீட்டுக்குள் இடம் இல்லாமல் போனது. இன்ஜின் கொட்டகையில் படுத்துக்கொண்டேன். சாப்பாட்டைத் தோட்டத்து எல்லையில் இருந்த ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு நாலு அடி பின்னால் போய் நின்று, "ரீ, எடுத்துக்கோங்க" என்பாள். அவர்கள் பக்கம் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். உப்பு போதுமா என்று அங்கிருந்தே கேட்பாள். நான் தலையாட்டுவேன். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குமேல் ஆகியிருந்தும், அந்த நாட்களில் எங்கள் பேச்சு முழுவதும் அந்தக் கல்லின் இரண்டு பக்கத்திலும் நின்று நடந்ததுதான்.

புழு முதல் தூக்கம் தூங்கி எழுந்த சமயத்தில் இன்ஜின் நின்றுபோனது.

வெயில் காலம். காலையில் கிளப்பப் போனேன். சக்கரத்தைச் சுற்றினால் ராட்டினம் மாதிரி லேசாகச் சுற்றியது. எதிர்ப்பே இல்லை. பெட்ரோல் ஊற்றிப் பார்த்தேன், பிளக்கைத் துடைத்துப் பார்த்தேன். கடைசியில் நட்டுகளைக் கழற்றிப் பிஸ்டனை உருவி எடுத்தேன். அதைச் சுற்றி மூன்று ரிங் இருக்கும். சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டு காற்று கசியாமல் பிடிப்பவை அவைதான். முதல் ரிங் இரண்டாக உடைந்து கிடந்தது. மற்ற இரண்டும் தேய்ந்திருந்தாலும் ஓட்டிவிடலாம் போல இருந்தது.

உடைந்ததைத் துணியில் முடிந்துகொண்டு ஓசூருக்கு நடந்தேன். அங்கே பம்புக்கு வேண்டிய எண்ணெயும் பெல்ட்டும் விற்கிற கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் ரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இஞ்சின் நம்பர் என்ன?"

"நம்பர் இல்லீங்க."

"நம்பர் இல்லாம இஞ்சின் ஏதுய்யா? தகடு இருக்குமே."

"தகடு இருக்குதுங்க. தேச்சுட்டோம்."

"என்னத்தைத் தேச்சீங்க?"

"பூஜைக்குங்க. புளி போட்டு."

அவர் கடைக்குள் திரும்பிக் கணக்குப் பிள்ளையைக் கூப்பிட்டு, "இங்க வாய்யா, சாமி கும்பிட்டே இஞ்சின் பேரை அழிச்சவங்க வந்திருக்காங்க" என்றார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அப்புறம் அவர் நல்லபடியாகவே சொன்னார். நம்பர் இருந்தாலும் சீமைக்கு எழுதிப்போட்டு வரவழைக்க மாசக் கணக்கில் ஆகும். நம்பர் இல்லாவிட்டால் பெங்களூர்ப் பேட்டையில் பழைய சாமான் சந்துகளில்தான் தேட வேண்டும். உடைந்த ரிங்கை மட்டும் காட்டினால் அளவு தெரியாது, பிஸ்டனையே கொண்டுபோ என்றார்.

திரும்பி வந்து கிணற்றடியில் குளித்தேன். இன்ஜின் ஓடாத நாள். சீயக்காய் போட்டு இரண்டு தடவை தேய்த்துக் குளித்துவிட்டு, வேறு வேட்டி கட்டிக்கொண்டு கல்லருகே போய் நின்றேன். அவள் வந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"கையைக் காட்டுங்க" என்றாள்.

நீட்டினேன். முட்டை பொரிந்த பிறகு முதல் தடவையாகக் கிட்டே வந்து முகர்ந்து பார்த்தாள். விரல் நகங்களையும் பார்த்தாள். "வாங்க" என்று உள்ளே கூட்டிப்போனாள்.

அறையில் வெளிச்சம் குறைவு. மூங்கில் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. தட்டு அடுக்கிய சட்டத்தின் காலுக்கெல்லாம் எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம். ஒரு தட்டை இழுத்துக் காட்டினாள். பொடியாக நறுக்கிய இலைக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ நெளிந்தது. எனக்கு முதலில் கண்ணுக்கே படவில்லை.

"இதா?" என்றேன்.

"இதுதான். எல்லாம் என் கொழந்தைங்க" என்று சொல்லிவிட்டுத் தானே வெட்கப்பட்டுத் தட்டை உள்ளே தள்ளினாள்.

அப்புறம் நிதானமாகச் சொன்னாள். புழு நாலு தடவை தூங்கித் தோல் உரிக்கும். அவர்கள் அதை ஜுரம் என்பார்கள். மூன்றாவது ஜுரம் வரைக்கும் இருக்கிற இலை போதும். நாலாவது கழிந்தால் புழு ராட்சசன் மாதிரித் தின்னும். அப்போது செடியில் தளதளவென்று இலை இருக்க வேண்டும். இப்போதே அடி இலை மஞ்சளாகத் தொடங்கிவிட்டது. இந்த வாரம் தண்ணீர் விடாவிட்டால் அப்புறம் விட்டும் பிரயோசனம் இல்லை.

"எங்கப்பாவைக் கேட்டா இலை அனுப்புவார். ஆனா கேக்க மாட்டேன்" என்றாள். "இலையைக் கடன் வாங்கி வளத்தா, இங்க யாரும் அதை வளத்ததா ஒத்துக்க மாட்டாங்க."

மறுநாள் பெங்களூருக்குக் கிளம்பினேன். பிஸ்டனை மண்ணில் புரட்டி எண்ணெய் போகத் துடைத்திருந்தேன். சுற்றுவதற்கு அவளுடைய பழைய புடவைத் துண்டு ஒன்றைக் கல்லின் மேல் வைத்திருந்தாள். பிஸ்டனைத் தொட மாட்டாள். இலை நறுக்குகிற கை. நான் சுற்றுவதை அங்கிருந்தே பார்த்து, "அந்த மூலையை உள்ளே மடிங்க, அவுந்துரும்" என்றாள்.

பஸ்ஸில் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"பூப் போட்ட துணியில சுத்தி என்னப்பா அது, கொழந்தையா? அரை டிக்கெட் போடட்டுமா?"

"இஞ்சின் சாமானுங்க."

"அழுவலையேன்னு பார்த்தேன்."

பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கொழந்தை சீமெண்ணெய் குடிச்சிருக்கும் போல" என்றாள். பஸ் முழுவதும் சிரித்தது. அத்திப்பள்ளி தாண்டுகிறவரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேட்டையில் கண்ணாடி போட்ட பெரிய கடைகளின் முன்னால் நின்றேன். உள்ளே ஆட்கள் இருந்தால் போவதற்குக் கூச்சம். ஆட்கள் போகட்டும் என்று நிற்பேன். அவர்கள் போனதும் வேறு ஆட்கள் வந்துவிடுவார்கள். துணிந்து போன இரண்டு கடைகளிலும் நம்பர்தான் கேட்டார்கள். ஒருவர் மட்டும், "பழசைத் தூக்கி எறிஞ்சுட்டுப் புதுசு வாங்கு" என்றார். எருதும் இல்லாமல் இன்ஜினும் இல்லாமல் நிற்கிறவனுக்கு அது யோசனையா என்று அவருக்குத் தோன்றவில்லை.

பழைய சாமான் சந்து குறுகலானது. யுத்தம் முடிந்த பிறகு பட்டாளத்தில் ஏலம் விட்ட சாமான்கள் இன்னும் அங்கே குவிந்து கிடந்தன. ஒரு கடையில் உத்தரத்திலிருந்து கயிறு கயிறாக ரிங்குகள் தொங்கின. வளையல் கடை மாதிரி இருந்தது. வெளியே நின்று அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் உள்ளே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி வெளியவே நிக்கிறே? உள்ள வா. எந்த வண்டி?"

"வண்டி இல்லீங்க பாய். தண்ணி இஞ்சின்."

"எந்தக் கம்பெனி?"

"தெரியாதுங்க."

"எத்தனை குதிரை?"

"மூணுன்னு சொன்னாங்க. சரியாத் தெரியாது."

"உன் பேராவது தெரியுமா?"

சொன்னேன்.

"பரவாயில்ல, ஒண்ணு தேறிச்சு" என்றார்.

துணியைப் பிரித்தேன். பிஸ்டனைக் கையில் வாங்கி, ரிங் உட்காருகிற காடிகளில் விரலை ஓட்டிப் பார்த்தார். இந்த அளவில் ரிங் இருக்கிற மாதிரித் தெரியவில்லை, கயிறு முழுவதும் இறக்கித் தேட வேண்டும், அடுத்த வாரம் வா என்றார். நான் போகாமல் அங்கேயே நின்றேன்.

"ஒரு வாரத்துல என்னய்யா கெட்டுப்போவுது? என்ன பயிரு?"

"மல்பெரிங்க. வீட்டுல புழு இருக்குது."

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பட்டுப்புழுவா? எத்தனாவது ஜுரம்?"

"ரெண்டாவதுக்குப் போவுதுங்க."

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? என் மச்சான் சித்லகட்டாவுல நூல் எடுக்கிறான். கூடு வரலைன்னா அந்த வீட்டுல அடுப்பு எரியாது" என்று எழுந்தார். ஏணி போட்டு ஏறிக் கயிறுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். பிஸ்டனோடு வைத்துப் பார்ப்பார், தூர வைப்பார். இது கனம், இது அகலம் என்று தனக்குள்ளே சொல்லிக்கொள்வார். வேறு ஆள் வந்து ஏதோ கேட்டபோது, "அப்புறம் வா, புழு பசியா இருக்குது" என்றார். வந்தவர் ஒன்றும் புரியாமல் போனார்.

பட்டாளத்துத் தண்ணீர் பம்பு ஒன்றிலிருந்து கழற்றியது என்று இரண்டு ரிங் கிடைத்தன. காடியில் சரியாக உட்கார்ந்தன. சுற்றளவு மட்டும் கொஞ்சம் அதிகம்.

"மொதல்ல ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள்ள வெச்சுப் பாரு. ரெண்டு முனையும் இடிச்சா அரத்தால தேய். நடுவுல ஒரு தபால் கார்டு நுழையற சந்து இருக்கணும். மாட்டும்போது பாத்து மாட்டு. பாக்கத்தான் இரும்பு, உடையறது பீங்கான். அதனாலதான் ரெண்டு தர்றேன்."

வீட்டுக்கு வந்து அவர் சொன்ன மாதிரியே செய்தேன். இரண்டு ரிங்கையும் அரத்தால் தேய்த்துச் சிலிண்டரில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சரி செய்தேன். அது நன்றாக வந்தது. மாட்டுகிற இடத்தில்தான் போனது. ரிங்கின் வாயை இரண்டு கட்டைவிரலாலும் விரித்துப் பிஸ்டன் தலை வழியாக இறக்கினேன். காடிக்கு ஒரு விரல் இருக்கும்போது டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கையில் இரண்டு துண்டு.

மிச்சம் ஒன்று. அதை எடுக்கவே கை வரவில்லை. பிஸ்டனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இலை பறிக்கக் கூடையோடு வந்தவள் தூரத்திலேயே நின்றாள்.

"ரீ, ஏன் சும்மா உக்காந்திருக்கீங்க?"

துண்டுகளைத் தூக்கிக் காட்டினேன்.

"எப்படிப் போட்டீங்க? செஞ்சு காட்டுங்க" என்றாள். வெறுங்கையால் விரித்துக் காட்டினேன்.

"இழுத்தா உடையாதா? வளையல்காரி இழுத்தா போடறா? அவ வழுக்கிவிடறா." சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது கையில் மூன்று மூங்கில் சிம்புகள் இருந்தன. புழுத் தட்டு முடைகிற சிம்பு. அரிவாள்மனையில் இன்னும் மெலிதாகச் சீவி, கன்னத்தில் தேய்த்துப் பிசிறு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். கல்லின் மேல் வைத்துவிட்டுப் பின்னால் போனாள்.

"பிஸ்டன் மேல மூணு பக்கமும் நிக்க வெச்சுக்கோங்க. அதும் மேல ரிங்கை வழுக்கி இறக்குங்க. எடத்துக்கு வந்ததும் சிம்பை உருவுங்க."

எண்ணெய் தடவிச் சிம்புகளை நிறுத்தினேன். பிடிக்க மூன்றாவது கை இல்லை. முழங்காலுக்கு நடுவில் பிஸ்டனை இடுக்கிக்கொண்டேன். அவள் வந்து பிடித்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. அவளும் ஒரு அடி முன்னால் வைத்துவிட்டு, தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். அங்கிருந்தே வாய் ஓயாமல் சொன்னாள். "மெதுவா. ஒரே பக்கம் தள்ளாதீங்க. அந்தப் பக்கம் ஏறுது பாருங்க. ஆங், அப்படி. அப்படியே." அத்தனை வார்த்தை அவள் என்னிடம் சேர்ந்தாற்போல் பேசியது அன்றைக்குத்தான். ரிங் சிம்புகளின் மேல் வழுக்கிக்கொண்டு இறங்கிக் காடியில் உட்கார்ந்தது. ஒவ்வொரு சிம்பாக உருவினேன். உடையவில்லை.

எல்லாவற்றையும் பூட்டிச் சக்கரத்தைச் சுற்றியபோது அது பாதிச் சுற்றில் என் கையை எதிர்த்துத் தள்ளியது. இரண்டாவது தரம் பலமாகச் சுற்றினேன். இருமியது. அடுத்த சுற்றுக்குப் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்கப் புகை. அவள் என்னைப் பார்ப்பாள் என்று திரும்பினேன். அவள் புகையைத்தான் பார்த்தாள். காற்று வீட்டுப் பக்கம் அடித்தது. கூடையைப் போட்டுவிட்டு ஜன்னலைச் சாத்த ஓடினாள்.

அதிலிருந்து எனக்கு மறுபடி கொட்டகைதான். தண்ணீர் குடித்த செடி நாலைந்து நாளில் தலை தூக்கியது. நாலாவது ஜுரம் கழிந்ததும் அவள் சொன்னது நிஜம் என்று தெரிந்தது. கூடை கூடையாக இலை போனது. நானும் பறித்துக் கல்லின் மேல் வைப்பேன். ஒவ்வொரு கூடையிலும் முகத்தைக் கவிழ்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது உங்க கை" என்று சிலதைத் திருப்பி வைத்துவிடுவாள். அவற்றை ஆடு தின்றது. கடைசியில் என்னைப் பறிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் அம்மாவைக் கூப்பிட்டாள். முகம் சுளித்த அம்மா இடுப்பில் கூடையோடு தோட்டத்தில் நின்று, "இந்த வரிசை என்னுது, யாரும் தொடாதீங்க" என்று எங்கள் அப்பாவை அதட்டினாள்.

புழுக்கள் மஞ்சள் பூத்துத் தலையைத் தூக்கி நூல் விடத் தொடங்கிய அன்று தோட்டத்தில் இலையும் தீர்ந்துவிட்டது. மிச்சமும் இல்லை, குறைவும் இல்லை. அவளும் என் அம்மாவும் புழுவைப் பொறுக்கிக் கூடு கட்டும் மூங்கில் தட்டிகளான சந்திரிகைகளில் விட்டார்கள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. இனிப் புழுவுக்குத் தீனி வேண்டாம்.

செடியெல்லாம் மொட்டையாக நின்றது. அன்று தண்ணீர் பாய்ச்ச வேண்டிய அவசியம் இல்லை. காலையில் வழக்கம்போல் கிளப்பியிருந்த இன்ஜினை நிறுத்தப் போனேன். அப்போது அவள் வீட்டிலிருந்து வந்தாள். கல்லைத் தாண்டி வந்தாள். வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து, புடவையைக் கணுக்காலுக்கு மேல் இழுத்துக்கொண்டு, இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டாள். விடிந்ததிலிருந்து நின்றே வேலை செய்த கால்கள் வீங்கியிருந்தன. கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் இன்ஜினை நிறுத்தவில்லை.

அப்பா வரப்பில் வந்து தோட்டத்தைப் பார்த்தார். "ஒரு இலை இல்லாத செடிக்கு எதுக்குடா தண்ணி?" என்று கொட்டகைப் பக்கம் பார்த்துச் சத்தம் போட்டார்.

"வேருக்குங்கப்பா" என்றேன்.

அவர் வாய்க்கால் ஓரம் பார்த்தார். அவள் காலை இழுக்கப் போனாள். "இரும்மா, இரு. வேரு நல்லா நனையட்டும்" என்று சொல்லிவிட்டு, தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே போனார். ஊற்றிய சீமெண்ணெய் தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.